யாழ்ப்பாணத்தில் கார்டினியா: கன்று வாங்குமுன் கிணற்றைப் பாருங்கள்

இரண்டு கார்டினியாக் கன்றுகளை நான் பறிகொடுத்திருக்கிறேன். முதலாவதை 2021 இல் கொக்குவிலில் எங்கள் முற்றத்துச் செம்மண்ணில் நட்டேன். ஏழு மாதம் நின்றது. இரண்டாவதை நல்ல கலவை போட்டுச் சாடியில் வைத்தேன்; ஓராண்டுக்கு மேல் நின்று, தளிர் தளிராக வெளுத்து, கடைசியில் வெறும் குச்சியானது. மூன்றாவது 2023 கார்த்திகையில் வைத்தது. இடுப்பளவு வளர்ந்து, கரும்பச்சை இலையோடு இன்றும் வாசலில் நிற்கிறது. மாலையில் படலையைத் திறக்கும்போதே வாசனை வருகிறது.

மூன்று கன்றுக்கும் நான் காட்டிய அக்கறை ஒன்றுதான். மாறியது தண்ணீர். அதை முதலிலேயே யாராவது சொல்லியிருந்தால் இரண்டு ஆண்டும் பல ஆயிரம் ரூபாயும் மிஞ்சியிருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கார்டினியா தென்சீனம், தாய்வான், ஜப்பான் பக்கத்து, வாசமுள்ள வெள்ளைப் பூப் பூக்கும் புதர்ச்செடி. கோப்பியும் நம் வீட்டு வெட்சியும் இதன் குடும்பத்தவை. அமிலத் தன்மையுள்ள மண்ணில்தான் இது வாழும். பிஎச் அளவு (7 நடுநிலை; அதற்குக் கீழே அமிலம், மேலே காரம்) 5 முதல் 6 வரை இருக்க வேண்டும். நம் குடாநாடோ அமிலத்தை முறிக்கும் சுண்ணாம்புக்கல்லின் மேல் இருக்கிறது. இந்தச் செடியை இங்கே வளர்க்க நினைப்பவர் செய்ய வேண்டிய வேலை முழுவதும் இந்த ஒரு முரணிலிருந்துதான் வருகிறது.

1. கிணற்றுத் தண்ணீரைச் சோதியுங்கள்

கன்று வாங்குமுன் செய்ய வேண்டிய வேலை இது. உங்கள் வீட்டுக் கேத்தலின் அடியைப் பாருங்கள். வெள்ளைப் படிவு ஓடு போல ஒட்டியிருந்தால் அந்தத் தண்ணீர் கார்டினியாவுக்கு ஆகாது. அந்தப் படிவுதான் சாடி மண்ணில் நாளுக்கு நாள் சேரும். மண்ணின் பிஎச் ஏறும். மண்ணில் இரும்புச் சத்து இருந்தாலும் வேரால் அதை எடுக்க முடியாது. என் இரண்டாவது கன்று செத்தது இப்படித்தான்: சாடியில் போட்ட கலவை அமிலத் தன்மை உள்ளது, ஆனால் தினமும் ஊற்றிய கிணற்றுத் தண்ணீர் ஓராண்டுக்குள் அதைச் சுண்ணாம்பு மண்ணாக்கிவிட்டது.

ஆய்வுகூடத்தில் கொடுத்துப் பார்ப்பதென்றால் மூன்றை மட்டும் கேளுங்கள்: பிஎச், மொத்தக் காரத்தன்மை (அந்தத் தண்ணீர் எவ்வளவு அமிலத்தை முறிக்கும் என்ற அளவு), மின்கடத்துதிறன். பலர் பிஎச் மட்டும் பார்த்துவிட்டு, 7.4 தானே, பெரிய தவறில்லை என்று நினைப்பார்கள். நானும் அப்படித்தான் ஏமாந்தேன். மண்ணை மாற்றுவது காரத்தன்மைதான். எங்கள் கிணற்றில் அது லீற்றருக்கு 280 மில்லிகிராம் இருந்தது. மின்கடத்துதிறன் உப்பைக் காட்டும். கடலோரக் கிணறுகளில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும், ஏனென்றால் கார்டினியா உப்பையும் தாங்காது. தண்ணீரை எங்கே கொடுக்கலாம், கட்டணம் எவ்வளவு என்பதை உங்கள் பகுதிக் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள். அறிக்கை கைக்கு வர இரண்டு மூன்று வாரம் ஆகலாம் என்று வைத்துக்கொண்டு ஆவணியிலேயே கொடுத்துவிடுங்கள். அறிக்கையைப் பத்திரமாக வையுங்கள். எட்டாம் படியில் அமிலத்தின் அளவை மதிப்பிட அது உதவும்.

மண்ணுக்கு வீட்டிலேயே ஒரு சோதனை உண்டு. ஒரு பிடி உலர்ந்த மண்ணில் வினாகிரி சில துளி விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. நுரைக்காவிட்டாலும் நிலத்தில் நடலாம் என்று எண்ண வேண்டாம். அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல், மேலே ஊற்றப் போவது கிணற்றுத் தண்ணீர். கந்தகத் தூள் போட்டு மண்ணை அமிலமாக்கலாம் என்று படித்திருப்பீர்கள். சுண்ணாம்பு கலந்த மண்ணில் அது பலிக்காது. போடும் கந்தகம் தரும் அமிலத்தை எல்லாம் சுண்ணாம்பு தின்றுவிடும். முற்றத்து நிலத்தை மறந்துவிட்டுச் சாடிக்கு வாருங்கள்.

2. மழைத் தண்ணீரைச் சேர்க்க ஏற்பாடு செய்யுங்கள்

இது புரட்டாசிக்குள் முடிய வேண்டும். ஐப்பசியில் மழை இறங்கிய பிறகு பீலி பூட்ட ஆள் தேடினால் கிடைக்கமாட்டார்.

கணக்கு எளிது. ஒரு சதுர மீற்றர் கூரையில் 1 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 1 லீற்றர் தண்ணீர். நான்கு மீற்றர் நீளம், மூன்று மீற்றர் அகலமுள்ள சமையலறைக் கூரையில் 25 மில்லிமீற்றர் பெய்தாலே 300 லீற்றர். சாடியில் நிற்கும் ஒரு செடிக்குக் கோடையில் நாளுக்குச் சுமார் ஒரு லீற்றர் வேண்டும். தை முடிவிலிருந்து புரட்டாசி முடிவு வரை எட்டு மாதம், அதாவது ஏறத்தாழ 240 லீற்றர். சித்திரையில் ஒரு மழை கிடைத்தால் அது மேலதிக வரவு. ஆகவே ஒரு செடிக்கு 200 லீற்றர் நீலப் பிளாஸ்டிக் பீப்பாய் இரண்டு போதும். இரண்டு செடி வைக்க ஆசைப்பட்டால் முதலில் பீப்பாயைக் கூட்டுங்கள்.

ஓட்டுக் கூரையும் தகரமும் நல்லவை. சீமெந்துத் தொட்டியில் மழைத் தண்ணீரைச் சேர்க்க வேண்டாம்; தொட்டிச் சுவரே சுண்ணாம்பை விட்டு அந்தத் தண்ணீரையும் கெடுத்துவிடும். ஆண்டின் முதல் மழையில் கூரைத் தூசியும் பறவை எச்சமும் கழுவிப் போகட்டும், இரண்டாம் மழையிலிருந்து பிடியுங்கள்.

பீப்பாய் வாயை நுளம்பு புகாத வலையால் மூடி றப்பர் வாரால் இறுக்கிக் கட்டுங்கள். இதில் அசட்டை வேண்டாம். கார்த்திகை, மார்கழி, தை டெங்குக் காலம். 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின்படி வளவில் குடம்பி கண்டால் வீட்டுக்காரர்மேல் வழக்குப் போடலாம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தால் முதலில் பார்ப்பது பீப்பாயைத்தான்.

வீட்டில் குளிரூட்டி இருந்தால் அதிலிருந்து வடியும் தண்ணீரையும் ஒரு வாளியில் பிடியுங்கள். சுண்ணாம்பு இல்லாத தண்ணீர் அது. கோடையில் என் செடி பாதி நாள் அதைத்தான் குடிக்கிறது.

3. வாங்குவது கார்டினியாதானா என்று பாருங்கள்

அடுக்கு நந்தியாவட்டையைக் கார்டினியா என்று விற்கிறார்கள். எல்லோரும் ஏமாற்றுவதற்காகச் செய்வதில்லை, விற்பவருக்கே தெரியாமலும் நடக்கிறது. பூ இல்லாத கன்றில் இலை இரண்டுக்கும் ஒன்று போல மினுங்கும். ஓர் இலையைக் கிள்ளிப் பாருங்கள். பால் வடிந்தால் அது நந்தியாவட்டை. கார்டினியாவில் பால் வராது. நந்தியாவட்டை நம் மண்ணில் நன்றாக வளரும் செடி, அதை விரும்பி வாங்குங்கள், கார்டினியா விலை கொடுத்து வாங்காதீர்கள்.

கன்றின் உச்சித் தளிர் கரும்பச்சையாக இருக்க வேண்டும். சாடியின் அடித் துளையில் வெள்ளை வேர் எட்டிப் பார்க்க வேண்டும். இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பஞ்சு போல ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். மொட்டு நிறைந்த கன்றைக் கண்டு மயங்க வேண்டாம். இடம் மாறியதும் மொட்டு முழுவதும் கொட்டிவிடும். மொட்டில்லாத, அடியிலிருந்து மூன்று நான்கு கிளை விட்ட கன்றுதான் நல்ல கன்று.

4. எங்கிருந்து கொண்டுவருவது, என்ன பத்திரம் வேண்டும்

யாழ்ப்பாணத்து நாற்றுமேடைகளில் சில வேளைகளில் கிடைக்கும். கிடைத்தால் அதையே வாங்குங்கள். நம் வெயிலுக்குப் பழகியிருக்கும். இல்லாவிட்டால் கண்டி, பேராதனைப் பக்கம் வீதியோர நாற்றுமேடைகள் ஏராளம். நான் மூன்றாவது கன்றை அங்கிருந்துதான் கொண்டுவந்தேன். ஏ9 வீதியால் கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வர பஸ்ஸில் ஏழு எட்டு மணித்தியாலம். இரவு பஸ்ஸில் வாருங்கள். பகலில் பஸ்ஸின் பொதி அறைக்குள் இருக்கும் சூட்டில் கன்று வதங்கிவிடும். புறப்படுவதற்கு முதல் நாள் தண்ணீர் ஊற்றி, சாடியின் வாயைப் பத்திரிகைத் தாளால் மூடிக் கட்டி, அட்டைப் பெட்டிக்குள் நிமிர்த்தி வையுங்கள். உள்நாட்டுப் பயணத்தில் என்னிடம் யாரும் எந்தப் பத்திரமும் கேட்கவில்லை. ஆனாலும் விலைச்சீட்டைக் கையில் வைத்திருங்கள்.

இந்தியாவிலிருந்து கொண்டுவருவது வேறு கதை. பலாலிக்குச் சென்னையிலிருந்து விமானம் வருகிறது, காங்கேசன்துறைக்கு நாகப்பட்டினத்திலிருந்து கப்பல் வருகிறது, ஒரு சின்னக் கன்றுதானே பையில் வைத்தால் யார் பார்க்கப் போகிறார்கள் என்று தோன்றும். செய்யாதீர்கள். 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், உயிருள்ள செடியைக் கொண்டுவர முதலில் இங்கே விவசாயத் திணைக்களத்தின் இறக்குமதி அனுமதிப்பத்திரம் வேண்டும். பிறகு அந்த நாட்டுத் தாவர நோய்த்தடுப்பு அதிகாரிகள் கொடுக்கும் தாவர சுகாதாரச் சான்றிதழ் வேண்டும். வரிசை முக்கியம்: அனுமதி முன்னே, கன்று வாங்குவது பின்னே. வேரோடு மண் ஒட்டியிருக்கக் கூடாது. இவை இல்லாமல் வந்தால் செடியைப் பறித்து அழித்துவிடுவார்கள். அது நியாயமும்கூட, பிற நாட்டுப் பூச்சி ஒன்று நம் வெங்காயத்தையும் வாழையையும் பிடித்தால் அந்த இழப்பை யார் தாங்குவது? ஒற்றைக் கன்றுக்கு இவ்வளவு அலைச்சலும் செலவும் பெறுமதியில்லை என்பது என் எண்ணம். கண்டிக் கன்றே போதும்.

நடும் காலம் ஐப்பசிக் கடைசியும் கார்த்திகையும். மழையும் மப்பும் உள்ள மூன்று மாதம் கிடைக்கும், வேர் பிடித்துவிடும். பங்குனிக்குப் பிறகு யாராவது இலவசமாகத் தந்தாலும் வாங்காதீர்கள்.

5. சாடியும் கலவையும்

சீமெந்துச் சாடி வேண்டாம். அழகாக இருக்கும், மலிவாகக் கிடைக்கும், ஆனால் ஒவ்வொரு முறை நனையும்போதும் சுண்ணாம்பு விடும். மண் சாடியோ தடித்த பிளாஸ்டிக் சாடியோ எடுங்கள். வாய் அகலம் 30 முதல் 35 சென்ரிமீற்றர் இருக்கட்டும், அடியில் துளை நான்காவது இருக்கட்டும்.

கலவை: தும்புச்சோறு இரண்டு பங்கு, நன்றாக மக்கிய இலைக் கூட்டெரு ஒரு பங்கு, உடைத்த ஓட்டுத் துண்டு ஒரு பங்கு. தும்புச்சோற்றில் உப்பு இருக்கும். கட்டியாக வாங்கியதை ஊறவிட்டு மூன்று முறை பிழிந்து ஊற்றிவிட வேண்டும். கடைசி முறை மழைத் தண்ணீரில். மணல் சேர்ப்பதென்றால் முதலில் வினாகிரிச் சோதனை செய்யுங்கள். கடற்கரை மணலில் சிப்பித் துண்டும் உப்பும் இருக்கும்.

நடும்போது, வாங்கிய பையில் மண் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டத்தில் இருக்க வேண்டும். தண்டைப் புதைத்தால் அழுகும்.

6. சாம்பல் போடாதீர்கள்

இதற்குத் தனித் தலைப்பு வேண்டும். நம் ஊரில் செடி வாடினால் முதலில் வரும் மருந்து அடுப்புச் சாம்பல். என் முதல் கன்று மஞ்சளானபோது அடுத்த வீட்டு மாமி மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, “சாம்பல் போட்டுப் பார் பிள்ளை, கத்தரிக்கெல்லாம் அதுதானே போடுகிறோம்” என்றார். அன்போடு சொன்னார், நானும் போட்டேன். கத்தரிக்குச் சரி. கார்டினியாவுக்குச் சாம்பல் சுண்ணாம்புக்குச் சமம். இரண்டே வாரத்தில் மிச்சமிருந்த பச்சையும் போய்விட்டது. முட்டைக்கோதும் அப்படித்தான். சுண்ணாம்பு அடித்த மதிலின் அடியில் சாடியை வைப்பதும் அப்படித்தான். மழையில் கரைந்து வழிவது நேரே சாடிக்குள் இறங்கும்.

7. இடம்

காலை வெயில் பத்து மணி வரை படட்டும். அதற்குப் பிறகு நிழல். வீட்டின் கிழக்குப் பக்கம், அல்லது மாமரத்தின் கிழக்குப் பக்கம். வைகாசியிலிருந்து சோளகக் காற்று வீசும்போது செடி அதன் நேரே நிற்கக் கூடாது. மொட்டு காய்ந்து உதிரும். ஆனால் ஓரிடத்தில் வைத்தபின் அடிக்கடி இடம் மாற்றவும் வேண்டாம். மாற்றத்தான் வேண்டுமென்றால் மொட்டு வருமுன் மாற்றுங்கள்.

8. தண்ணீரும் பசளையும்

விரலை ஒரு கணு ஆழத்துக்கு விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் ஊற்ற வேண்டாம். காய்ந்திருந்தால் அடியால் வழியும்வரை ஊற்றுங்கள். முழுக்கக் காயவும் விடக் கூடாது, சேறாகவும் வைக்கக் கூடாது. தட்டில் தேங்கும் தண்ணீரை ஊற்றிவிடுங்கள்.

பீப்பாய் இரண்டும் நிரம்பாத ஆண்டில் ஆடி ஆவணியில் அடி தெரியும். அப்போது கிணற்றுத் தண்ணீரைத் திருத்திப் பாவிக்கலாம். சித்திரிக் அமிலம் கடையில் தூளாகக் கிடைக்கும். 10 லீற்றர் வாளிக்கு அரைத் தேக்கரண்டியில் தொடங்கிக் கலக்கி, கால் மணித்தியாலம் விட்டு, பிஎச் தாளால் பாருங்கள். 6 வரும்வரை சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். எங்கள் கிணற்றுக்கு ஒரு மட்டத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாக வேண்டியிருக்கிறது. காரத்தன்மை கூடினால் வேண்டிய அமிலமும் கூடும். 5 க்குக் கீழே போக விடாதீர்கள். தேசிக்காயும் இதே வேலையைச் செய்யும், ஆனால் ஒரு வாளிக்கு மூன்று நான்கு தேசிக்காய் வேண்டும். தேசிக்காய் விற்கும் விலையில் அது கட்டாது.

பசளையாக அமோனியம் சல்பேற்று 5 லீற்றர் மழைத் தண்ணீருக்கு ஒரு மட்டத் தேக்கரண்டி, மாதம் ஒரு முறை, ஈரமான மண்ணில் மட்டும். மண்ணை மெல்ல அமிலப் பக்கம் கொண்டுபோகும் பசளை இது. கோழியெரு வேண்டாம்.

9. மஞ்சள் இலையை வாசிக்கப் பழகுங்கள்

எல்லா மஞ்சளும் ஒன்றல்ல. உச்சியில் உள்ள புது இலை வெளிறி, நரம்பு மட்டும் பச்சைக் கோடாகத் தெரிந்தால் இரும்புக் குறை. யாழ்ப்பாணத்தில் பத்தில் ஒன்பது முறை இதுதான். அடியில் உள்ள பழைய இலை மஞ்சளாகி உச்சி பச்சையாக இருந்தால் மக்னீசியக் குறையாக இருக்கலாம், அல்லது வெறும் முதுமை. ஓரிரு இலை என்றால் விட்டுவிடுங்கள். இலை முழுவதும் சோர்ந்து தொங்கினால் வேரைப் பாருங்கள், தண்ணீர் தேங்கியிருக்கும்.

இரும்புக் குறைக்குத் துருப்பிடித்த ஆணி புதைப்பது பயனில்லை. இரும்புச் சல்பேற்றும் சுண்ணாம்பு ஏறிய மண்ணில் உடனே துருவாகிவிடும். தேவை இரும்புக் கீலேற்று, அதாவது இரும்பைத் துருவாக விடாமல் பிடித்து வைத்திருக்கும் சேர்மம். இங்கேதான் பணம் வீணாகும். கடையில் எளிதாகக் கிடைக்கும் ஈ.டி.ரி.ஏ. (EDTA) வகை பிஎச் 6.5 ஐத் தாண்டினால் மண்ணில் நிற்காது. அதை இலையில் தெளிக்க மட்டும் பயன்படுத்தலாம். மண்ணில் ஊற்ற ஈ.டி.டி.எச்.ஏ. (EDDHA) வகை வேண்டும். பொதியில் இந்த எழுத்துகளைத் தேடிப் பாருங்கள், ‘இரும்புச் சத்து’ என்று மட்டும் எழுதியிருந்தால் வாங்காதீர்கள். சரியான தூள் தண்ணீரில் கரைந்ததும் திராட்சை இரசம் போலக் கருஞ்சிவப்பாகும். பொதியில் உள்ள அளவின் பாதியில் தொடங்குங்கள். வெளிறிய பழைய இலை முழுப் பச்சைக்குத் திரும்பாது. அடுத்த தளிரைப் பாருங்கள். மூன்று நான்கு வாரத்தில் அது பச்சையாக வந்தால் செடி தப்பியது.

10. மொட்டும் பூச்சியும்

கார்டினியா மொட்டுக் கட்ட இரவுக் குளிர் வேண்டும். நமக்குக் கிடைப்பது மார்கழி, தை, மாசி இரவுகள் மட்டும். மலைநாட்டில் பூப்பது போல இங்கே பூக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். என் செடியில் ஒரு பருவத்தில் இருபது பூ வந்தது. எனக்கு அது நிறைவு. பூ முடிந்த உடனே கவாத்து வெட்டுங்கள். தள்ளிப்போட்டு ஐப்பசியில் வெட்டினால் வரப்போகும் மொட்டையே வெட்டிப் போடுகிறீர்கள்.

வெண்மூட்டுப்பூச்சி இலைக் கக்கத்தில் பஞ்சாக ஒட்டும். அதன் கழிவில் கரும்பூஞ்சணம் படரும். ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெய், சில துளி சவர்க்காரக் கரைசல் கலந்து மாலையில் தெளியுங்கள், வெயிலில் தெளித்தால் இலை கருகும். இன்னொன்று பச்சைப் புழு. விரல் தடிப்பு, வாலில் ஒரு கொம்பு. இலையின் நிறத்திலேயே இருப்பதால் கண்ணுக்குப் படாது. ஒரு காலை பார்த்தபோது ஒரு கிளை முழுவதும் நரம்புகூட இல்லாமல் மொட்டையாக நின்றது. கீழே தரையில் மிளகு போன்ற கறுத்த எச்சம். அந்த எச்சத்துக்கு நேர் மேலே தேடுங்கள், புழு அங்கேதான் இருக்கும். கையால் எடுத்துவிட்டாலே போதும், மருந்து வேண்டாம்.

11. செலவு

2023 இல் எனக்கு ஆனது இது. கன்று 950 ரூபாய், பிளாஸ்டிக் சாடி 1,200, தும்புச்சோற்றுக் கட்டி 700, பாவித்த பீப்பாய் இரண்டு 9,000, பீலியும் பூட்டுக்கூலியும் 6,500, பிஎச் தாள் 600, கீலேற்று 1,400. விலைகள் இப்போது மாறியிருக்கும், ஆனால் விகிதம் மாறாது. கன்றின் விலையைவிடத் தண்ணீர் ஏற்பாட்டுக்குப் பதினாறு மடங்கு போனது. கையில் பணம் குறைவென்றால் சாடியில் குறையுங்கள், பீப்பாயில் குறைக்காதீர்கள்.

12. ஒன்றிலிருந்து பல

செடி தேறியபின் கிளைத் துண்டு ஊன்றி வையுங்கள். ஒன்று போனாலும் இன்னொன்று இருக்கும். கார்த்திகை மார்கழி ஈரத்தில், பாதி முற்றிய கிளை நுனியைப் பத்துப் பன்னிரண்டு சென்ரிமீற்றர் வெட்டி, அடி இலையைக் களைந்து, கழுவிய தும்புச்சோற்றில் ஊன்றுங்கள். அடி வெட்டிய பிளாஸ்டிக் போத்தலைக் கவிழ்த்து மூடி நிழலில் வையுங்கள். நான்கு முதல் எட்டு வாரத்தில் வேர் வரும். மெல்ல இழுத்தால் பிடித்துக்கொள்ளும், அதுதான் அடையாளம். நான் ஊன்றிய ஆறில் நான்கு பிடித்தன. ஒன்றை மதிலுக்கு மேலால் மாமிக்குக் கொடுத்தேன், ஐந்து லீற்றர் மழைத் தண்ணீர்ப் போத்தல் ஒன்றையும் சேர்த்து.